லினக்ஸ் கணினி வழியாக இணைய இணைப்பைப் பகிர்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி ஆய்வகங்களுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் லினக்ஸ் கணினிகளை அமைத்துக் கொடுக்கும் வேலையில், போகும் இடமெல்லாம் ஒரே வகையான சந்தேகங்களை எதிர்கொண்டிருக்கிறேன். இணைப்பு ஒன்றுதான் இருக்கும். கணினிகள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். அந்த ஒரு இணைப்பை ஒரு லினக்ஸ் கணினி வாங்கி மற்றவற்றுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால் வருகின்றன.

எல்லாப் பதில்களிலும் ஒரே அமைப்பை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மோடத்தின் முகவரி 192.168.1.1. லினக்ஸ் கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் உள்ளன: மோடத்தைப் பார்க்கும் வெளிக் கார்டுக்கு 192.168.1.20, சுவிட்சை (பல கணினிகளைக் கம்பியால் இணைக்கும் பெட்டி) பார்க்கும் உள் கார்டுக்கு 192.168.50.1. சுவிட்சில் செருகப்பட்ட மற்ற கணினிகளுக்கு 192.168.50.100 முதல் 150 வரை.

லினக்ஸ் கணினி வழியாக நெட்டைப் பகிர்வது என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது?

நான்கு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. முதலாவது, உள்ளிருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி கொடுத்து, “வெளியே போக வேண்டுமானால் 192.168.50.1 வழியாகப் போ” என்று சொல்வது; இதை டிஎச்சிபி செய்கிறது. இரண்டாவது, ஒரு கார்டில் வந்த பொதியை (இணையத்தில் தகவல் பயணிக்கும் சிறு துண்டு) மற்றொரு கார்டு வழியாக வெளியே விடுவது. இதற்கு ஃபார்வர்டிங் என்று பெயர். மூன்றாவது, வெளியேறும் பொதியின் அனுப்புநர் முகவரியை லினக்ஸ் கணினியின் வெளி முகவரியாக மாற்றி, பதில் வரும்போது பழையபடி மாற்றிக் கொடுப்பது, இது மாஸ்கரேடு. நான்காவது, தளங்களின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்.

இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டவருக்கு, பிறகு எது பழுதானாலும் எங்கே பார்ப்பது என்று தெரிந்துவிடும். “நெட் வரவில்லை” என்று ஒரே சொல்லில் சொல்லப்படும் புகார்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த நான்கில் ஏதோ ஒன்று மட்டுமே விடுபட்டிருக்கும்.

கடையில் ஒரு ரூட்டர் வாங்கினால் முடிந்துவிடுமே, இதற்கு ஏன் ஒரு கணினியை வீணாக்க வேண்டும்?

வீட்டில் நான்கு பேர் படம் பார்ப்பதற்கு என்றால் ரூட்டர்தான் சரி. அறுபது வாட் இழுக்கும் பழைய மேசைக் கணினி ஒன்று இரவு பகலாக ஓடினால் மாதத்துக்கு ஏறக்குறைய 43 யூனிட் மின்சாரம் செலவாகும். சிறிய ரூட்டர் அதில் ஒரு சிறு பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் யாரும் தொடங்க வேண்டாம்.

ஆனால் யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும், ஒருவருடைய பதிவேற்றம் மற்றவர்களைத் தடுக்கக் கூடாது, ஆய்வகத்துக்கு வேண்டிய மென்பொருள்களை உள்ளேயே சேமித்து வைக்க வேண்டும், கைப்பேசி இணைப்பையும் பிராட்பேண்டையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும் என்ற தேவைகள் வந்தால், லினக்ஸ் கணினி தரும் கட்டுப்பாட்டை மலிவு விலை ரூட்டர் தராது. மாணவர்கள் இருக்கும் இடத்தில் இன்னொரு பயனும் உண்டு: இணையம் எப்படி ஓடுகிறது என்பதைத் திறந்து காட்ட இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

என் கணினியில் ஒரே ஒரு லேன் போர்ட்தான் இருக்கிறது. அது போதுமா?

போதாது, வெளிப்பக்கத்துக்கு ஒன்று, உள்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு வேண்டும். ஆனால் இரண்டும் கம்பி வழிதான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளிப்பக்கம் வைஃபையாகவோ யூஎஸ்பி கம்பியில் செருகிய கைப்பேசியாகவோ இருக்கலாம். யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்வது எளிய வழி. வேகமான இணைப்பு உள்ளவர்கள் யூஎஸ்பி 3 வகையையே கேட்டு வாங்குங்கள், ஏனெனில் யூஎஸ்பி 2 என்பது ஏட்டளவிலேயே நொடிக்கு 480 மெகாபிட்டுக்கு மேல் போகாது.

ஒரே கார்டுக்கு இரண்டு முகவரிகள் கொடுத்து, மோடத்தையும் எல்லாக் கணினிகளையும் ஒரே சுவிட்சில் செருகிச் சமாளிப்பவர்கள் உண்டு. ஓடும், ஆனால் உள்ளே இருப்பவர் தன் முகவரியைக் கையால் மாற்றிக்கொண்டு லினக்ஸ் கணினியைச் சுற்றிக்கொண்டு நேரே மோடத்துக்குப் போய்விடலாம். மேலும், மோடத்திலும் டிஎச்சிபி ஓடிக்கொண்டிருப்பதால், எந்தக் கணினி யாரிடம் முகவரி வாங்கும் என்பதே நிச்சயமில்லாமல் போகும்.

கட்டளை எதுவும் தெரியாது. மவுஸாலேயே செய்து முடிக்க முடியுமா?

முடியும். உபுண்டு, ஃபெடோரா, லினக்ஸ் மின்ட் போன்ற பெரும்பாலான மேசைக் கணினி விநியோகங்களில் நெட்வொர்க்மேனேஜர் இருக்கிறது. உள் கார்டின் இணைப்பைத் திறந்து, ஐபிவி4 என்ற பகுதியில் முறையை ‘ஷேர்டு டு அதர் கம்ப்யூட்டர்ஸ்’ என்று மாற்றிச் சேமித்தால் போதும். அந்தக் கார்டுக்கு வழக்கமாக 10.42.0.1 என்ற முகவரி கிடைக்கும். ஃபார்வர்டிங், மாஸ்கரேடு, டிஎச்சிபி, டிஎன்எஸ் நான்கையும் அதுவே பார்த்துக்கொள்ளும். வேறு முகவரி வேண்டுமென்றால் அதே இடத்தில் எழுதிக்கொள்ளலாம். சில மேசைச் சூழல்களின் எளிய அமைப்புத் திரையில் இந்தத் தெரிவு தெரியாது. அப்போது நெட்வொர்க்மேனேஜரின் பழைய இணைப்புத் திருத்தியைத் திறக்க வேண்டும்.

முகவரி கொடுக்கும் வேலைக்கு நெட்வொர்க்மேனேஜர், டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு நிரலைத் தானே இயக்குகிறது. நீங்கள் ஏற்கெனவே டிஎன்எஸ்மாஸ்க்கைத் தனிச் சேவையாக நிறுவி ஓடவிட்டிருந்தால், இரண்டும் ஒரே போர்ட்டுக்கு (கணினியில் ஒரு சேவை காத்திருக்கும் எண்ணிட்ட வாசல்) போட்டியிட்டு, பகிர்வு தொடங்கியவுடன் நின்றுவிடும். தனிச் சேவையை நிறுத்திவிடுங்கள்.

உள் வலைக்கு எந்த முகவரி கொடுப்பது? மோடம் போலவே 192.168.1 என்றே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. நான் நேரில் பார்த்த பழுதுகளில் அடிக்கடி வந்தது இதுதான். இரண்டு பக்கமும் 192.168.1 என்று இருந்தால், 192.168.1.1 என்ற மோடம் எந்தக் கார்டின் பக்கம் இருக்கிறது என்று லினக்ஸ் கணினியால் பிரித்தறிய முடியாது. சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. கம்பியைப் பிடுங்கிச் செருகினால் நிலைமை மாறும். இப்படி மாறி மாறி நடப்பதால், காரணம் கம்பியில் இருக்கிறது என்று எண்ணி ஆட்கள் பல நாள் அலைந்திருக்கிறார்கள்.

தனியார் வலைகளுக்கென்று 1996இல் ஒதுக்கி வைக்கப்பட்ட மூன்று தொகுப்புகள் உள்ளன: 10இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168இல் தொடங்குபவை. இவற்றுள் மோடம் பயன்படுத்தாத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 192.168.0, 192.168.1 இரண்டும் மோடங்களில் முன்கூட்டியே பதிந்து வருபவை என்பதால் அவற்றை விலக்கி, 192.168.50 போல நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நாளைக்கு மோடத்தை மாற்றினாலும் மோதல் வராது.

உள் கார்டுக்கு கேட்வேயாக என்ன போடுவது?

எதையும் போடக் கூடாது. அந்தக் கட்டம் காலியாகவே இருக்க வேண்டும். கேட்வே என்பது “தெரியாத முகவரி எல்லாவற்றுக்கும் இந்த வழி” என்ற அறிவிப்பு. லினக்ஸ் கணினிக்கு அந்த வழி மோடம் மட்டுமே. உள் கார்டிலும் ஒன்றை எழுதிவிட்டால், கணினி தன் பொதிகளை உள்பக்கமே அனுப்பத் தொடங்கிவிடக்கூடும்.

கையால் அமைக்க வேண்டுமென்றால் என்னென்ன, எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

முதலில் உள் கார்டுக்கு 192.168.50.1 என்ற நிலையான முகவரியை, /24 என்ற அளவுடன் (முதல் மூன்று எண்கள் வலையைக் குறிக்கும்) கொடுங்கள். அடுத்து, கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) ‘நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்டு’ என்ற அமைப்பை 0 என்பதிலிருந்து 1 ஆக்குங்கள். தனக்கு வராத பொதியை இன்னொருவருக்குக் கடத்துவது சாதாரணக் கணினியின் வேலையில்லை என்பதால், லினக்ஸ் கெர்னல் இதை அணைத்தே வைத்திருக்கிறது.

பிறகு நாட் (முகவரி மாற்றம்) அட்டவணையில், போஸ்ட்ரூட்டிங் என்ற கட்டத்தில், வெளிக் கார்டு வழியாகப் போகும் பொதிகளுக்கு மாஸ்கரேடு விதி ஒன்றை எழுதுங்கள். விதியில் வெளிக் கார்டின் பெயரைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். பெயர் இல்லாத விதி எல்லாப் பக்கமும் முகவரியை மாற்றி, உள்ளே யார் யாருடன் பேசுகிறார்கள் என்ற தடயத்தையே அழித்துவிடும். பின்னர் ஃபார்வர்டு கட்டத்தில் மூன்று விதிகள்: உள்ளிருந்து வெளியே போவதை அனுமதி, ஏற்கெனவே தொடங்கிய தொடர்புக்கு உரிய பதிலை உள்ளே அனுமதி, மற்றதெல்லாம் தடு. கடைசியாக டிஎன்எஸ்மாஸ்க்கை நிறுவி, உள் கார்டில் மட்டும் கேட்கும்படி செய்து, 100 முதல் 150 வரையான எண்களைப் பகிர்ந்தளிக்கச் சொல்லுங்கள்.

மாஸ்கரேடு கட்டாயமா? ஃபார்வர்டிங் இருந்தால் பொதி போய்விடும் அல்லவா?

போய்விடும். திரும்பி வராது. இதைப் புரிந்துகொண்டால் இந்தப் பக்கத்தில் பாதி புரிந்த மாதிரி. 192.168.50.101 என்ற கணினி அனுப்பிய பொதி, அதே அனுப்புநர் முகவரியோடு மோடத்தை அடைகிறது என்று வைத்துக்கொள்வோம். மோடத்துக்கு 192.168.1 என்ற தெருவை மட்டுமே தெரியும், 192.168.50 எங்கே இருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. பதிலை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் வேறு வழியில் விட்டுவிடும். மாஸ்கரேடு இருந்தால் அனுப்புநர் 192.168.1.20 என்று எழுதப்பட்டிருக்கும். அந்த முகவரி மோடத்தின் பக்கத்து வீடு. பதில் லினக்ஸ் கணினிக்கு வந்துசேரும். எந்த உள் கணினிக்கு உரியது என்பதைத் தன் பதிவேட்டைப் பார்த்து அது திருப்பிக் கொடுக்கும்.

மாஸ்கரேடு இல்லாமலும் செய்யலாம். “192.168.50 தெருவுக்குப் போக 192.168.1.20ஐக் கேள்” என்று மோடத்தில் ஒரு நிலையான வழியை எழுத வேண்டும். முகவரி இரண்டு முறை மாறாது என்பதால் இது தூய்மையான முறை. ஆனால் வழி எழுத இடமே தராத மோடங்களும், எழுதினாலும் தன் சொந்தத் தெருவிலிருந்து வரும் பொதிகளுக்கு மட்டுமே முகவரி மாற்றித் தரும் மோடங்களும் இருக்கின்றன. உங்கள் மோடம் இடம் கொடுத்தால் முயன்று பாருங்கள். கொடுக்காவிட்டால் மாஸ்கரேடே வழி.

ஐபிடேபிள்ஸ் கற்றுக்கொள்வதா, என்எஃப்டேபிள்ஸ் கற்றுக்கொள்வதா?

மேலே சொன்ன பொதி விதிகளை எழுதும் கருவிகள் இவை. புதிதாகத் தொடங்குபவர் என்எஃப்டேபிள்ஸையே கற்கலாம். ஐபிடேபிள்ஸ் 2001இல் வந்த 2.4 கெர்னலோடு வந்தது. என்எஃப்டேபிள்ஸ் 2014இல் வந்த 3.13 கெர்னலில் சேர்ந்தது. டெபியன் 10 முதல், ஐபிடேபிள்ஸ் என்ற பெயரில் நீங்கள் இடும் கட்டளையும் உள்ளே என்எஃப்டேபிள்ஸ் விதியாகவே மாற்றி எழுதப்படுகிறது. பழைய வழிகாட்டிகள் பெரும்பாலும் ஐபிடேபிள்ஸில் இருப்பதால் அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஒரே கணினியில் இரண்டையும் கலந்து எழுதாதீர்கள்.

எல்லாம் ஓடியது. மறுநாள் கணினியை இயக்கினால் ஒன்றும் இல்லை. ஏன்?

கட்டளையாக இட்டவை நினைவகத்தில் மட்டுமே இருந்தன. ஃபார்வர்டிங் அமைப்பை சிஸ்கன்ட்ரோல் (/etc/sysctl.d) கோப்புறையில் ஒரு கோப்பாக எழுதி வையுங்கள். விதிகளை என்எஃப்டேபிள்ஸின் அமைப்புக் கோப்பில் எழுதி, அந்தச் சேவை கணினியோடு சேர்ந்து தொடங்கும்படி செய்யுங்கள்.

வெளி இணைப்பு வைஃபை என்றால் இன்னொரு காரணமும் இருக்கலாம். கடவுச்சொல் பயனரின் சாவிக்கொத்தில் சேமிக்கப்பட்டிருந்தால், அவர் உள்நுழையும் வரை வைஃபை இணையாது. இணைப்பின் அமைப்பில் ‘எல்லாப் பயனர்களுக்கும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதோடு, சும்மா இருந்தால் கணினி தானே உறங்கிப்போகும் அமைப்பையும் நிறுத்துங்கள். பகிர்வுக் கணினி உறங்கினால் ஆய்வகம் முழுவதற்கும் இணைப்பு போய்விடும்.

லினக்ஸ் கணினியில் நெட் வருகிறது, மற்ற கணினிகளில் வரவில்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன நான்கு வேலைகளின் வரிசையிலேயே பாருங்கள். உள் கணினிக்கு 192.168.50 முகவரி கிடைத்திருக்கிறதா? 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால் டிஎச்சிபி பதில் வரவில்லை என்று பொருள். யூஎஃப்டபிள்யூ போன்ற ஃபயர்வால் லினக்ஸ் கணினியில் ஓடினால், அது யூடிபி 67, 53 ஆகிய போர்ட்டுகளை அடைத்திருக்கும்; உள் கார்டின் பக்கம் அவற்றைத் திறந்துவிடுங்கள். முகவரி கிடைத்துவிட்டால் 192.168.50.1ஐப் பிங் செய்யுங்கள் (பதில் வருகிறதா என்று ஒரு சோதனைப் பொதி அனுப்புவது); அடுத்து மோடமான 192.168.1.1, அடுத்து கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8. இடையில் 192.168.1.20ஐப் பிங் செய்து, “வெளிக் கார்டு வரை போகிறது, ஃபார்வர்டிங் சரி” என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். அது தவறு. எந்தக் கார்டின் முகவரியாக இருந்தாலும் லினக்ஸ் கணினி தன் முகவரிக்குத் தானே பதில் சொல்லிவிடும்; அங்கே ஃபார்வர்டிங் நடப்பதே இல்லை.

மோடத்தின் பிங் வரவில்லையென்றால் ஊகிக்க வேண்டாம், நேரே பாருங்கள். டிசிபிடம்ப் என்ற கருவியை இரண்டு கார்டுகளிலும் தனித்தனியே ஓடவிட்டு, உள் கணினியிலிருந்து 8.8.8.8க்குப் பிங் அனுப்புங்கள். உள் கார்டில் பொதி தெரிந்து வெளிக் கார்டில் தெரியாவிட்டால், ஃபார்வர்டிங் அணைந்திருக்கிறது அல்லது ஃபார்வர்டு விதி தடுக்கிறது. வெளிக் கார்டில் பொதி 192.168.50.101 என்ற அனுப்புநரோடு போனால், மாஸ்கரேடு விதி இல்லை அல்லது அதில் கார்டின் பெயர் தவறாக இருக்கிறது. 192.168.1.20 என்று சரியாகப் போயும் பதில் வராவிட்டால், கோளாறு மோடத்திலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. பதில் வெளிக் கார்டுக்கு வந்து, உள் கார்டில் தெரியாவிட்டால், தொடங்கிய தொடர்புக்கான பதிலை உள்ளே விடும் விதி விடுபட்டிருக்கிறது.

இந்த நான்கு நிலைகளையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள் என்று நான் எல்லா ஆய்வகங்களிலும் சொல்வதுண்டு. ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டியதற்காக எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவது வருத்தம் தரும் வீண்வேலை.

8.8.8.8 பிங் ஆகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை.

டிஎன்எஸ் மட்டும்தான் பாக்கி. உள் கணினிகள் 192.168.50.1ஐ டிஎன்எஸ் ஆகக் கேட்கின்றனவா, அங்கே டிஎன்எஸ்மாஸ்க் உண்மையில் ஓடுகிறதா என்று பாருங்கள். உபுண்டுவில் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற சேவை 127.0.0.53 என்ற முகவரியில் 53ஆம் போர்ட்டை முன்பே பிடித்து வைத்திருக்கும். எல்லா முகவரிகளிலும் கேட்க முயலும் டிஎன்எஸ்மாஸ்க் அதனால் தொடங்காமல் நின்றுவிடும். குறிப்பிட்ட கார்டில் மட்டும் கட்டிக்கொள்ளும் ‘பைண்ட்-இன்டர்ஃபேசஸ்’ என்ற அமைப்பை எழுதினால் இரண்டும் மோதாமல் ஓடும்.

பிங் வருகிறது, டிஎன்எஸ் சரி, சில தளங்கள் திறக்கின்றன, சில மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. லினக்ஸ் கணினியிலோ எல்லாமே திறக்கிறது. இது என்ன மாயம்?

பொதியின் அளவுதான் காரணம். மோடத்தைப் பிரிட்ஜ் நிலையில் (பொதிகளை மாற்றாமல் கடத்திவிடும் நிலை) வைத்து, லினக்ஸ் கணினியே பிபிபிஓஇ மூலம் பயனர் பெயர் கொடுத்து இணையும் இடங்களில் இது வரும். ஈதர்நெட் பொதி 1500 பைட் வரை சுமக்கும். பிபிபிஓஇ அதில் 8 பைட்டைத் தன் தலைப்புக்கு எடுத்துக்கொள்வதால் 1492தான் மிஞ்சும். லினக்ஸ் கணினிக்கு அது தெரியும். ஆகவே தன் தொடர்புகளில் சிறிய அளவையே கேட்கிறது. சுவிட்சுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கணினிகளுக்குத் தெரியாது. அவை 1500க்கு ஏற்ற அளவைக் கேட்க, தொலைவில் உள்ள சர்வரும் முழு அளவுப் பொதியை அனுப்புகிறது. அது வழியில் நுழையாமல் விழுகிறது. “பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கு” என்று சர்வருக்குப் போக வேண்டிய ஐசிஎம்பி அறிவிப்பை இடையில் ஏதோ ஒரு ஃபயர்வால் தடுத்துவிட்டால், சர்வர் அதே பொதியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். பிங் போன்ற சிறிய பொதிகளுக்கு இந்தத் தடை இல்லை.

தீர்வு ஒரே விதி: ஃபார்வர்டு கட்டத்தில், தொடர்பைத் தொடங்கும் டிசிபி பொதிகளில் எழுதப்பட்ட எம்எஸ்எஸ் அளவை (ஒரு பொதியில் ஏற்கத்தக்க தகவலின் உச்ச அளவு), பாதையின் அளவுக்குக் குறைக்கச் சொல்ல வேண்டும். 1492இல் தலைப்புகளுக்கான 40 போக 1452 என்று அமையும். ஒவ்வொரு கணினியிலும் போய் எம்டியூவை (பொதியின் உச்ச அளவு) மாற்ற வேண்டியதில்லை.

பல மாதமாக நன்றாக ஓடியது. டாக்கர் நிறுவியதும் பகிர்வு நின்றுவிட்டது.

டாக்கர் தன் கன்டெய்னர்களுக்காக (நிரல்களைத் தனித்தனியே அடைத்து ஓட்டும் பெட்டிகள்) விதிகளை எழுதும்போது, ஃபார்வர்டு கட்டத்தின் பொதுக் கொள்கையைத் தடு என்று மாற்றிவிடக்கூடும். உங்கள் உள் வலையின் பொதிகளும் அதில் மாட்டிக்கொள்கின்றன. டாக்கர்-யூசர் என்று பயனருக்காகவே விடப்பட்ட சங்கிலியில் (விதிகளின் வரிசை) உங்கள் அனுமதி விதிகளை எழுதுங்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. என்எஃப்டேபிள்ஸில் தனி அட்டவணை எழுதி அதில் அனுமதித்துவிட்டேனே என்று கேட்பார்கள். ஒரே கட்டத்தில் பல சங்கிலிகள் இருந்தால், ஒன்றில் கிடைத்த அனுமதி மற்றொன்றின் தடையை நீக்காது. எங்கே ஓரிடத்தில் தடுக்கப்பட்டாலும் பொதி அங்கேயே முடிந்தது. ஆகவே தடுக்கும் இடத்திலேயே அனுமதி எழுத வேண்டும்.

மடிக்கணினி வைஃபையில் நெட் வாங்கி, அதே வைஃபையில் மற்றவர்களுக்கும் கொடுக்க முடியுமா?

கார்டைப் பொறுத்தது. அக்சஸ் பாயின்ட் நிலையையும், ஒரே நேரத்தில் இரண்டு நிலைகளையும் அந்தக் கார்டும் அதன் டிரைவரும் ஆதரிக்க வேண்டும். ஐடபிள்யூ என்ற கட்டளை இதைக் காட்டும். ஆதரித்தாலும் பெரும்பாலான கார்டுகளில் இரண்டு பக்கமும் ஒரே சேனலில்தான் ஓட முடியும். ஒவ்வொரு பொதியும் அதே அலைவரிசையில் இரண்டு முறை பயணம் செய்வதால் வேகம் பாதியளவுக்குக் குறையும். இரண்டாவதாக ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

வைஃபையில் வாங்கிக் கம்பியில் கொடுப்பவர்கள், பகிர்வுக்குப் பதிலாகப் பிரிட்ஜ் (இரு கார்டுகளையும் ஒரே வலையாக இணைப்பது) போடலாமே என்று கேட்பார்கள். சாதாரண வைஃபை வாடிக்கையாளர், தன் சொந்த எம்ஏசி (கார்டின் வன்பொருள் முகவரி) முகவரியில் மட்டுமே அக்சஸ் பாயின்டுடன் பேச முடியும். பின்னால் இருக்கும் கணினிகளின் எம்ஏசியைச் சுமந்து செல்ல அந்தச் சட்டகத்தில் இடமில்லை. இரு முனைகளும் நான்கு முகவரி முறையை ஆதரித்தால் ஒழிய, மாஸ்கரேடோடு கூடிய பகிர்வுதான் வழி.

பிராட்பேண்டு போனால் கைப்பேசி இணைப்புக்குத் தானே மாற வேண்டும். முடியுமா?

முடியும். இரண்டு கேட்வேகளும் இருக்கட்டும். மெட்ரிக் என்ற எண் எதற்குக் குறைவோ அது முந்தும். கம்பிக்கு 100, வைஃபைக்கு 600 என்று நெட்வொர்க்மேனேஜர் வழக்கமாகக் கொடுக்கிறது. யூஎஸ்பி வழியாகச் செருகிய கைப்பேசியும் அதற்குக் கம்பி இணைப்பாகவே தெரியும் என்பதை மறந்துவிடாதீர்கள். அதற்கு மட்டும் 700 போல ஒரு பெரிய எண்ணைக் கையால் கொடுங்கள். மாஸ்கரேடு விதி இரண்டு வெளிக் கார்டுகளுக்கும் இருக்க வேண்டும்.

மோடத்தின் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், ஆனால் அதற்கு அப்பால் இணையம் இருக்காது. கார்டு உயிரோடு இருப்பதால் மெட்ரிக் மட்டும் உதவாது. நெட்வொர்க்மேனேஜரின் இணைப்புச் சோதனையை இயக்கிவைத்தால், இணையம் இல்லாத இணைப்பின் மெட்ரிக்கோடு 20000 கூட்டி அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். மாறும் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த பதிவிறக்கங்கள் அறுபடுவதைத் தவிர்க்க முடியாது, ஏனெனில் வெளி முகவரி மாறிவிடுகிறது.

ஒருவர் பெரிய கோப்பைப் பதிவேற்றினால் மற்ற எல்லாருக்கும் நெட் நின்றுவிடுகிறது.

லினக்ஸ் கணினியை வைத்ததன் முழுப் பயன் தெரியும் இடம் இதுதான். பதிவேற்றும் பொதிகள் மோடத்துக்குள் நீண்ட வரிசையில் நிற்க, மற்றவர்களின் சிறு கோரிக்கைகளும் அந்த வரிசையின் கடைசியில் காத்துக் கிடக்கின்றன. வரிசையை மோடத்திலிருந்து லினக்ஸ் கணினிக்கு இடம் மாற்ற வேண்டும். 4.19 கெர்னல் முதல் கேக் என்ற வரிசை முறை உள்ளேயே இருக்கிறது. பதிவேற்ற வேகம் 20 மெகாபிட் என்றால், வெளிக் கார்டில் கேக்கை 18 மெகாபிட்டுக்கு அமையுங்கள். மோடத்தில் வரிசை சேராது. லினக்ஸ் கணினி ஒவ்வொருவருக்கும் முறை வைத்து அனுப்பும். பதிவிறக்கத்துக்கு அதே முறையை உள் கார்டில் அமைக்கலாம்.

வெளிக் கார்டை அடையும்போது எல்லாப் பொதிகளும் ஒரே அனுப்புநரின் பெயரில் இருக்கும் என்பதால், கேக்குக்கு ‘நாட்’ என்ற சொல்லையும் சேர்த்துக் கொடுங்கள். அப்போதுதான் அது உள் முகவரிகளைப் பதிவேட்டில் பார்த்து, ஆளுக்கு ஆள் சமமாகப் பங்கிடும்.

ஸ்க்விட் போட்டால் வேகம் கூடும் என்கிறார்களே?

ஸ்க்விட் என்பது ஒருமுறை இறக்கிய பக்கங்களைச் சேமித்து வைத்து மறுபடி தரும் நிரல். தளங்கள் மறையாக்கம் இல்லாமல் வந்த காலத்தில் வேகம் கூடியது. இன்று ஏறக்குறைய எல்லாமே எச்டிடிபிஎஸ் வழி வருவதால், ஸ்க்விட்டால் உள்ளே பார்த்துச் சேமிக்க முடியாது. அதற்குப் பதிலாக, டெபியன் அல்லது உபுண்டு ஓடும் ஆய்வகத்தில் ஏபிடி-கேச்சர்-என்ஜியை நிறுவுங்கள். இருபது கணினிகளும் ஒரே மேம்பாட்டை இருபது முறை இறக்காமல், ஒரு முறை இறக்கியதை உள்ளேயே பகிர்ந்துகொள்ளும். மாதக் கொள்ளளவு குறைவாக உள்ள பள்ளிகளுக்கு இது பெரிய உதவி.

நாட் இருக்கிறதே, ஃபயர்வால் தனியாக வேண்டுமா?

வேண்டும். மாஸ்கரேடு முகவரியை மாற்றுகிறதே தவிர, எதையும் தடுப்பதில்லை. வெளிக் கார்டின் தெருவில் இருக்கும் ஒருவர், 192.168.50 வலைக்கு 192.168.1.20 வழி என்று தன் கணினியில் எழுதிக்கொண்டால், ஃபார்வர்டிங் திறந்திருக்கும் உங்கள் கணினி அவருடைய பொதியை உள்ளே விட்டுவிடும். கையால் அமைக்கும் பதிலில் சொன்ன மூன்றாவது விதி, அதாவது மற்றதெல்லாம் தடு என்பது, இதற்காகத்தான். லினக்ஸ் கணினிக்கே வரும் தொடர்புகளுக்கும், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் உட்பட, இன்புட் கட்டத்தில் வெளிப்பக்கத்தை அடைத்து வையுங்கள்.

உள்ளே இருக்கும் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும். போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் வரவில்லை.

வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு வருவதை உள்ளிருக்கும் ஒரு கருவிக்குத் திருப்பிவிடும் இந்த வேலையை இரண்டு இடங்களில் செய்ய வேண்டும்: மோடத்திலிருந்து 192.168.1.20க்கு ஒன்று, அங்கிருந்து கேமராவுக்கு ஒன்று. இரண்டும் சரியாக இருந்தும் வராவிட்டால், மோடத்தின் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான தொகுப்பில் இருந்தால், சேவை நிறுவனமே பல வாடிக்கையாளர்களை ஒரு பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. 2012இல் இதற்கென்றே அந்தத் தொகுப்பு ஒதுக்கப்பட்டது. அந்த நிலையில் உங்கள் பக்கம் எவ்வளவு விதி எழுதினாலும் வெளியிலிருந்து வரும் பொதி உங்கள் மோடத்தை எட்டாது. பொது முகவரி ஒன்றைக் கட்டணம் செலுத்திக் கேட்கலாம்; அல்லது பொது முகவரி உள்ள வாடகைச் சர்வர் ஒன்றோடு லினக்ஸ் கணினியை வயர்கார்டு என்ற மறையாக்கச் சுரங்கவழி மூலம் இணைத்து, அதன் வழியாகப் பார்க்கலாம். கேமராவை நேரே இணையத்தில் திறந்து வைப்பதைவிட இரண்டாவது வழி பாதுகாப்பானது. பொது முகவரி கிடைத்தாலும்கூட நான் அதையே பரிந்துரைப்பேன்.

ஐபிவி6 மட்டும் உள் கணினிகளுக்குப் போகவில்லை. அதற்கும் மாஸ்கரேடு போட்டுவிடலாமா?

போட முடியும், முதல் தெரிவாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள். புதிய முகவரி முறையான ஐபிவி6இல் முகவரிக்குப் பஞ்சம் இல்லை என்பதால், ஒவ்வொரு உள் கணினிக்கும் சொந்த முகவரி கிடைப்பதே முறை. உள் கணினிகள் தாமே முகவரி அமைத்துக்கொள்ள ஒரு முழு /64 தொகுப்பு (முகவரியின் முதல் 64 பிட் வலையைக் குறிக்கும்) தேவை. அதை டிஎச்சிபிவி6 வழியாக, தொகுப்பைப் பிரித்துத் தரும் முறையில் மேலே கேட்டு வாங்க வேண்டும். மேலே இருக்கும் மோடம் ஒரே ஒரு /64ஐத் தானே வைத்துக்கொண்டு கீழே பிரித்துத் தராவிட்டால், மோடத்தைப் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றி, லினக்ஸ் கணினியே நேரடியாகக் கேட்கும்படி செய்வது நல்ல தீர்வு. அதுவும் முடியாத இடத்தில் மட்டும் மாஸ்கரேடைப் பயன்படுத்துங்கள்.

இதில் பலரைக் குழப்பும் ஒன்று உண்டு. ஐபிவி6 ஃபார்வர்டிங்கை இயக்கியவுடன் லினக்ஸ் கணினியின் சொந்த ஐபிவி6 இணைப்பே சிறிது நேரத்தில் போய்விடும். தான் இப்போது ரூட்டர் என்று எண்ணிக்கொண்டு, மோடம் அனுப்பும் ரூட்டர் அறிவிப்புகளைக் கெர்னல் புறக்கணிக்கத் தொடங்குவதே காரணம். வெளிக் கார்டுக்கு ‘அக்செப்ட்_ஆர்ஏ’ என்ற அமைப்பை 2 ஆக்கினால், ஃபார்வர்டிங் இருந்தாலும் அறிவிப்புகளை ஏற்றுக்கொள்ளும். நெட்வொர்க்மேனேஜர் ஓடும் கணினிகளில் அந்த அறிவிப்புகளை அதுவே கையாள்வதால் இந்தத் தொல்லை வருவதில்லை. சொந்த முகவரியோடு உள் கணினிகள் வெளியே தெரியும் என்பதால், ஐபிவி6 பக்கத்திலும் ஃபார்வர்டு கட்டத்தின் மூன்று விதிகளை எழுதிய பிறகே இதை இயக்குங்கள்.